செத்த போர்ட்டுக்கு வைத்த பொட்டு

சுபாகர் கீபோர்டில் தட்டும் சத்தம் எனக்குப் பிடிக்காது. நான் ஒரு கட்டளையை அடித்து, ஒருமுறை படித்துப் பார்த்து, பிழையில்லை என்று நிச்சயமான பிறகு என்டர் தட்டுவதற்குள் அவன் மூன்றாவது கட்டளையில் இருப்பான். அவனுக்குத் தப்பு வந்தால் சிரிப்பான். எனக்குத் தப்பு வந்தால் முதல் வரியிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி படிப்பேன்.

அமீர்பேட்டில் எங்கள் இருவருக்கும் ஒரே ஹாஸ்டல், ஒரே அறை, மாலையில் ஒரே நெட்வொர்க்கிங் வகுப்பு. நான் ஜன்காவ்காரன், பகலில் ஜெராக்ஸ் கடையில் நிற்கிறேன். அவன் தெனாலிக்காரன், பகலில் தூங்குகிறான். அவன் அம்மா அனுப்பும் ஆவக்காய் ஊறுகாயை நான் தினமும் சாப்பிடுகிறேன், அதனால் அவனை வெளிப்படையாக வெறுக்கவும் முடிவதில்லை.

வகுப்பு முடிந்ததும் அன்று செய்ததையெல்லாம் படிவரிசையாக எழுதிவைப்பது என் பழக்கம். இணைப்புப் பெட்டிகளான ரவுட்டரும் ஸ்விட்சும் பேசிக்கொள்ளவில்லை என்றால் முதலில் மின்சாரம், பிறகு கேபிள், பிறகு அதைச் செருகும் போர்ட்டின் விளக்கு. அதெல்லாம் சரியென்றால்தான் கீபோர்டில் கை வைக்க வேண்டும். சுபாகர் எதையும் எழுதியதில்லை. பரீட்சைக்கு முந்தைய நாள் என்னிடம் மச்சான் முறை கொண்டாடி, "பாவா, நீ எழுதினத சத்தமா படியேன், நான் கண்ண மூடிக் கேக்கறேன்" என்பான். கேட்டுவிட்டு என்னைவிட அதிக மதிப்பெண் வாங்குவான்.

தசராவுக்கு முன்பு மஸ்தான் சார் வகுப்பில் ஒரு செய்தி சொன்னார். மாதாப்பூரில் ஒரு கம்பெனிக்கு நெட்வொர்க் பிரிவில் ஓர் ஆள் வேண்டும். சார் அனுப்பும் ஆளை அவர்கள் இதுவரை வேண்டாமென்றதில்லை.

"ஒருத்தனத்தான் அனுப்புவேன்" என்றார். "யாதகிரி, சுபாகர், ரெண்டு பேரும் தயாரா இருங்க. பண்டிகை முடிஞ்சு வந்ததும் லேப்ல உக்கார வைப்பேன். யார் முதல்ல இணைப்பக் கொண்டு வராங்களோ, அவங்க போகலாம்."

யாதகிரி நான்தான். ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அம்மா அந்த வேலைக்கென்றே ஒரு வெள்ளைச் சட்டை எடுத்துக் கொடுத்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் அது மடியில் கனத்தது.

எங்கள் லேபைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கிருப்பவை எல்லாம் எங்கோ கழித்துக்கட்டிய பழைய சாமான்கள். ஸ்விட்சில் எந்தப் போர்ட் எப்போது உயிரை விடும் என்று தெரியாது. லேபைப் பார்த்துக்கொள்ளும் ஸ்வரூபாக்கா, ஒரு போர்ட் செத்தது தெரிந்தால் கைப்பையிலிருந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அதன் தலையில் ஒட்டிவிடுவாள். பொட்டிருந்தால் அதில் கேபிள் செருகக்கூடாது. இது எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் தசராவில் அதே அக்கா எல்லா இயந்திரங்களுக்கும் பூஜை செய்திருந்தாள். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அதுவும் பெட்டிக்கு ஒன்றாக இல்லை, ஒவ்வொரு போர்ட்டின் தலையிலும். தானாக உதிரும்வரை யாரும் துடைக்கக்கூடாது என்று கண்டிப்பு வேறு.

"அக்கா, இது ஸ்விட்சா, கல்யாணப் பொண்ணா?" என்றான் சுபாகர்.

"உன் மூஞ்சிக்கும் வெக்கறேன், வா. அப்பவாவது பொண்ணு கெடைக்குதா பார்ப்போம்."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் எதைச் சொன்னாலும் சிரிக்கிறார்கள். அதே வார்த்தையை நான் சொல்லியிருந்தால் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாள்.

சார் எங்களை அடுத்தடுத்த மேசையில் உட்கார வைத்தார். ஆளுக்கு ஒரு ரவுட்டர், ஒரு ஸ்விட்ச், ஒரு கம்ப்யூட்டர். கேபிள்களை அவரே செருகிவைத்திருந்தார். ரவுட்டருக்குள் ஏதோ கோளாறு செய்துவைத்திருக்கிறார், அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். மற்றவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"ஆரம்பிங்க."

பக்கத்து மேசையில் மழை கொட்டுவதுபோல் சத்தம் தொடங்கியது. நான் மின்சாரத்தைப் பார்த்தேன். கேபிளைக் கழற்றினேன், முனையைப் பார்த்தேன், நல்லது என்று தெரிந்த வேறொரு கேபிளைப் போட்டேன். விளக்கு எரியவில்லை. சரி, அப்படியானால் கேபிளில் தப்பில்லை. ஆனால் நான் போட்டது உண்மையிலேயே நல்ல கேபிள்தானா? இன்னொன்றையும் போட்டுப் பார்த்தேன். சுற்றி நின்றவர்களில் ஒருவன், "யாதகிரி கேபிள் கடை வெக்கப் போறான்டா" என்றான். காது சூடேறியது.

அப்போதுதான் கவனித்தேன். பக்கத்தில் மழை நின்றிருந்தது.

சுபாகர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். சார் மூடிவைத்திருந்த ரவுட்டர் போர்ட்டைக் கட்டளை கொடுத்துத் திறந்திருக்கிறான், முகவரியைத் திருத்தியிருக்கிறான், திருத்தியதை மறுபடி சரிபார்க்கிறான். ஆனாலும் அவன் ஸ்விட்சில் விளக்கில்லை. நெற்றியில் வியர்வை. மூன்று மாதத்தில் அவன் முழிப்பதை நான் பார்ப்பது அதுவே முதல் தடவை. எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? கழுத்தை நீட்டி இன்னும் நன்றாகப் பார்த்தேன்.

பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. அவன் கேபிள் போயிருந்த போர்ட்டின் தலையில் இருந்த சிவப்பு, மேலே ட்யூப்லைட் பட்டு மினுங்கியது. குங்குமம் மினுங்காது. அது ஸ்டிக்கர் பொட்டு. பூஜைக் குங்குமத்துக்கு நடுவில் அது தெரியாமல் சாரே செத்த போர்ட்டில் செருகிவிட்டிருக்கிறார்.

நான் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். என் ரவுட்டரைத் திறந்து முகவரியைத் திருத்தினால் சட்டை எனக்கு, வேலை எனக்கு.

ஆனால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அவனுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருக்கிறது, அதுவும் கூட்டத்தின் நடுவில்! இதை யாருமே பார்க்காமல் போனால் எப்படி? எழுந்துவிட்டேன்.

"ஏன்டா, கண்ணு தெரியலையா? செத்த போர்ட்ல குத்திட்டு என்னத்த தட்டிக்கிட்டே இருக்க? அக்கா வெச்ச பொட்டுடா அது!"

சொன்னதோடு விட்டேனா? கேபிளைப் பிடுங்கி, எல்லாரும் பார்க்க, பக்கத்துப் போர்ட்டில் செருகினேன். ஸ்விட்சின் விளக்கு ஆரஞ்சாக எரிந்தது. "ஓ!" என்று கூட்டம் கூவியது. அந்த ஓசை எனக்குத்தான், எனக்கு மட்டும்தான். அந்த ஆரஞ்சு பச்சையாக மாறும்வரை நான் இந்த உலகத்தில் யாரைப் பார்த்தும் பொறாமைப்படவில்லை.

பச்சை வந்தது. சுபாகர் ஒரே ஒரு வரி தட்டினான். திரையில் ஒரு புள்ளி, அதன்பின் நான்கு ஆச்சரியக்குறிகள். மறுமுனையிலிருந்து பதில் வந்துவிட்டது, இணைப்பு கிடைத்துவிட்டது. மற்ற எல்லாவற்றையும் அவன் ஏற்கெனவே முடித்துவைத்திருந்தான். விளக்கு மட்டும்தான் பாக்கி.

"சார், அவன்தான் போர்ட்ட மாத்தினான். இது எப்படி…" என்று சுபாகரே இழுத்தான்.

மஸ்தான் சார் குனிந்து பொட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "இது என் தப்பு. பரீட்சைல இது கிடையாது. நான் வெச்ச கோளாறையெல்லாம் நீ சரி பண்ணிட்டியே, நீயே போ." பிறகு என் திரையைப் பார்த்தார். "யாதகிரி, உன் ரவுட்டர் போர்ட் இன்னும் மூடியே கெடக்கு."

"ஆமா சார். அடுத்தது அதான்."

"ஆனா ஒண்ணு" என்று என் தோளில் கை வைத்தார். "தன் வேலைய அப்படியே போட்டுட்டு அடுத்தவன் கஷ்டத்துக்கு எழுந்து வர்ற மனசு எல்லாருக்கும் வராதுப்பா."

கைதட்டினார்கள். ஸ்வரூபாக்கா பூஜை லட்டில் மிஞ்சியதை என் கையில் வைத்து, "தங்கமான புள்ள" என்றாள். பெருந்தன்மை எதுவும் இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஹாஸ்டலுக்குத் திரும்பும் வழியில் இரானி கடையில் சுபாகர் டீ வாங்கிக் கொடுத்தான். உஸ்மானியா பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டே சிரித்தான்.

"என்னடா சிரிப்பு?"

"பாவா, நீ எனக்கு உதவி பண்ணணும்னு எழுந்திரிக்கல. எனக்கு முன்னாடி நீ பாத்துட்டேன்னு ஊருக்கே தெரியணும், அதுக்குத்தான் எழுந்த. சரிதானே?"

நான் என் டீயை ஊதி ஆற்றினேன்.

"உதவி பண்றவன் காதுல வந்து சொல்லுவான். நீ மைக் வெச்ச மாதிரி கத்தின." மறுபடி சிரித்தான். "பரவால்ல விடு. உன் இடத்துல நானா இருந்தா வாயே தொறந்திருக்க மாட்டேன்."

சாருக்குத் தெரியவில்லை, அக்காவுக்குத் தெரியவில்லை, கைதட்டியவர்களுக்கும் தெரியவில்லை. இவன் மட்டும் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் என்னைக் கண்டுபிடித்துவிட்டான். படிவரிசை எதுவும் இல்லாமல். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

"பாவா, நேர்முகத்துக்குப் போட எங்கிட்ட ஒழுங்கா ஒரு சட்டை கூட இல்ல. அந்த வெள்ளைய ஒரு நாளைக்குக் குடேன்."

கொடுத்தேன். கசங்கியிருக்கிறதே என்று நானே இஸ்திரியும் போட்டேன்: முதலில் காலர், பிறகு கை, கடைசியில் முதுகு. காலையில் அவன் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றான். ஊரில் நான் போட்டுப் பார்த்தபோது தோளில் தொளதொளவென்று தொங்கிய சட்டை, அவனுக்கு அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது.