மேகம் என்று குறித்த இடம்

படத்தில் அவள் மேகம் என்று குறித்த இடத்தில், மறுநாள் காலை நிஜமாகவே ஒரு மேகம் வந்து இறங்கி, மூன்று வருடம் நகராமல் கிடந்தது. செயற்கைக்கோள் அனுப்பும் படங்களைப் பார்த்து, காடு எங்கே குறைந்திருக்கிறது என்று சொல்வது அவள் வேலை. பச்சை போய் மண் தெரிகிற கட்டங்களுக்குச் சிவப்பு அடிப்பாள். வனக் காவலர்கள் அங்கே போக வண்டியை எடுப்பார்கள். மேகம் மறைத்த கட்டங்களுக்குச் சாம்பல்; அங்கே யாரும் போகமாட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு சிவப்பு அடித்ததும் எழுந்து போய் ஜன்னலோரம் நின்றுவிட்டு வருவாள். போகப் போக, அழுக்குத் துணியையும் வெள்ளைத் துணியையும் பிரித்துப் போடுவது போல ஆகிவிட்டது.

அன்று புதிதாகப் பாதி மொட்டையாகியிருந்த ஒரு சரிவின் ஓரத்தில், நீலத் தார்ப்பாய் போட்ட லாரி ஒன்று நகத்தளவு தெரிந்தது. தார்ப்பாயின் நடுவில் அக்கா தைத்த மஞ்சள் ஒட்டு இருந்தது; அது அவள் அக்கா புருஷனுடைய லாரி. அனுமதி வாங்கிய தோப்பில்தான் மரம் அறுப்பதாக அவர் வீட்டில் சொல்லி வைத்திருந்தார். அவள் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"மாமா எங்கக்கா?"

"வேலைக்குத்தான் போயிருக்காரு. ஏன்டி?"

"சும்மாதான் கேட்டேன்."

போனை வைத்துவிட்டு அந்தச் சரிவு முழுக்கச் சாம்பல் அடித்தாள்.

வந்த மேகத்தின் ஓரங்கள் அவள் குறித்த கட்டங்களின்படியே படிக்கட்டுப் படிகளாக இருந்தன. வானிலைக்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், ஈரம் அதிகம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று காலை வேலைக்குப் போன அக்கா புருஷன் வீடு திரும்பவில்லை; அவரைத் தேடி உள்ளே நுழைந்தவர்கள் நுழைந்த பக்கமாகவே வெளியே வந்தார்கள். அக்கா விளிம்பில் நின்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். உள்ளிருந்து ரம்பச் சத்தம் மட்டும் ஓயாமல் கேட்டது. பிறகு அக்கா தையல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அக்கா மகளுக்குப் பல் விழுந்து முளைத்தது. தங்கை தான் அடித்த சாம்பலைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. அழுகை வரும் வரும் என்று காத்திருந்து, பிறகு காத்திருப்பதையும் விட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து சமையலறை வாசலில் நின்றாள். "செத்துட்டாருன்னு எழுதி வாங்கிக்கச் சொல்றாங்க. நீ என்ன சொல்ற?"

"சாகலக்கா. நான்தான் மறைச்சு வச்சிருக்கேன்." எப்படி என்பதையும் சொன்னாள்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப எடுத்துடு."

"எடுத்தா மாமாவுக்கு ஜெயில்தான்க்கா."

"ஜெயில்ல போய்ப் பாக்கவாவது விடுவாங்க. எடு."

திங்கட்கிழமை காலை அவள் அந்தக் கட்டங்களைச் சிவப்பாக்கினாள். உச்சிவேளைக்குள் மேகம் எழுந்து போனது. சரிவில் ஒரு மரம் மிச்சமில்லை. கையில் ரம்பத்தோடு நின்ற மனிதர், காவலர்களைப் பார்த்து, "சாப்பாட்டு நேரம் ஆயிடுச்சா?" என்று கேட்டார். உள்ளே ஒரு காலைப்பொழுதுகூட முழுதாகக் கழிந்திருக்கவில்லை. பழைய சாம்பலைப் பற்றி அவளே போய் மேலதிகாரியிடம் சொன்னாள். "இப்ப சிவப்பாயிடுச்சுல்ல, விடும்மா," என்று அவர் அடுத்த படத்தைத் திறந்தார்.

சிறையில் முதல் தடவை பார்க்கப் போனபோது அவர் மனைவியின் முதுகுப்பக்கம் எட்டிப் பார்த்து, "பாப்பாவ கூட்டிட்டு வரலியா?" என்றார். தோளுயரம் வளர்ந்திருந்த பெண், "நான்தாம்ப்பா," என்றாள். "வளந்துட்டே," என்றார். அவர் தலையிலிருந்தும் சட்டையிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. காய்கிற ஈரம் இல்லை என்பதால், வடிகால் பக்கத்து அறையாகப் பார்த்துக் கொடுத்திருப்பதாகச் சிறைக் காவலர் சொன்னார். அக்கா பையிலிருந்து துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டினாள். துண்டு கனத்ததும், பின்னால் நின்ற தங்கையின் முகத்தைப் பார்க்காமலே அதை நீட்டினாள். அவள் வாங்கி, மூலையில் இருந்த வாளியில் பிழிந்து, திருப்பிக் கொடுத்தாள். அதற்கப்புறம் மாதாமாதம் மூவரும் போகிறார்கள். துவட்டுவது அக்கா, பிழிவது அவள்.