பிடிமண்

சன்னாசி பேருக்குத்தான் சன்னாசி. ஒன்றின் மேல் ஆசை வைத்துவிட்டால் அட்டையாக ஒட்டிக்கொள்வான். ரப்பர் விலை விழுந்து எஸ்டேட்டில் ஆள் குறைத்த வருஷம், சொந்த ஊருக்குக் கப்பலேற மாட்டேன் என்று அடம்பிடித்து, காம்பார் பக்கம் குத்தகைக்கு நிலம் எடுத்து மிளகு வைத்தான். கொடி காய்ப்புக்கு வந்த நேரம் பார்த்து அடித்தண்டு கறுத்தது, இலை வாடித் தொங்கியது, வேரைத் தோண்டினால் அழுகல் நாற்றம். ஒரே மழைக்காலத்தில் தோட்டம் மொத்தமும் செத்தது.

அவன் பெண்டாட்டி ராக்காயி அழுதது கொடிக்காக இல்லை. மறுபடி எஸ்டேட் லயத்து வீட்டுக்குப் போய்க் கங்காணி முன்னால் கைகட்டி நிற்க வேண்டுமே என்றுதான். அதனால், பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் இன்னொரு துண்டு நிலம் கிடைத்தபோது, விவசாய இலாகா பஞ்சலிங்கம் சொன்னதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

"இது மண்ணுக்குள்ள இருக்கிற பூஞ்சணம். தண்ணியோட ஓடும், காலோட வரும். பழைய தோட்டத்து மண் கொஞ்சமும் இஞ்ச வரப்படாது, விளங்குதோ?"

ராக்காயி மண்வெட்டியைக்கூட அங்கேயே போட்டுவிட்டு வந்தாள். புதுக் கொடி வேறிடத்தில் வாங்கினார்கள். கொடிகள் கம்பத்தைப் பிடித்து ஏறின. சுற்றிலும் எஸ்டேட்டை விட்டு வந்த சனங்களே மிளகு வைத்திருந்தார்கள். சரிவுக்குக் கீழே இருந்த தோட்டம் மகள் செல்லாயியும் மருமகனும் வைத்தது.

ஒருநாள் சன்னாசி காம்பாரிலிருந்து தலையில் மஞ்சள் துணி முடிச்சோடு வந்து நின்றான்.

"பழைய தோட்டத்துல நட்ட முனியாண்டிய அங்கயே அநாதையா விட்டுட்டோம்லா. அந்தக் கோவம் இங்கயும் கொடியக் கொன்னுடும். பிடிமண் எடுத்தாந்துட்டேன்."

பழைய இடத்துச் சாமியைப் புது இடத்துக்கு அழைக்க ஒரு பிடி மண் எடுத்து வருவதுதான் வழக்கம். எஸ்டேட் முனியாண்டியே ஊரிலிருந்து ஒரு பிடி மண்ணாகக் கப்பலேறி வந்தவர்தான்; அங்கிருந்துதான் காம்பார் தோட்டத்துக்கும் வந்தார். ஆனாலும் ராக்காயி முடிச்சைத் தொடாமல் விலகி நின்றாள்.

"அந்த மண்ணு வேணாம்னாரே பஞ்சலிங்கம் ஐயா?"

"இது மண்ணாடி? சாமி! சாமிய நோயின்னு சொன்ன வாயி அழுகிப்போகும்."

ராக்காயிக்கும் முனியாண்டி என்றால் பயம்தான்.

தோட்டத்து மேட்டு மூலையில் மண்ணைப் புதைத்துக் கல் நட்டான் சன்னாசி. வெள்ளி தவறாமல் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றினான். தண்ணீர் கல்லைக் குளிப்பாட்டிவிட்டுக் கொடி வரிசைகளுக்குள் இறங்கியது. அது எங்கெங்கே ஓடுகிறது என்று ராக்காயி மட்டும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மழை பிடித்தது. கல்லை ஒட்டி நின்ற கொடிதான் முதலில் வாடியது. ராக்காயி அடித்தண்டை நகத்தால் சுரண்டினாள். உள்ளே கறுப்பு. அந்த நாற்றத்தை அவளால் மறக்க முடியுமா?

"இந்த மூலைய அப்படியே தோண்டிக் கொளுத்தணும். கல்லோட சேத்து," என்றாள்.

"சாமிக்கு இன்னும் கோவம் தீரல. கெடா வெட்டணும்," என்றான் சன்னாசி.

கெடா வெட்டுக்கு அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லாரும் குடும்பத்தோடு வந்தார்கள். உறுமி மேளம் முழங்கியது. வாடிய கொடியைப் பார்த்ததும் சனங்களுக்குக் குலை நடுங்கியது. வைத்துக் கும்பிடுகிறவனுக்கே இந்தக் கதி என்றால், கும்பிடாத நம்மைச் சும்மா விடுமா? அவரவர் தோட்டத்திலும் முனியாண்டியை வைத்துவிடுவதுதான் புத்தி என்று முடிவாயிற்று. சன்னாசிக்குத் தலைகால் புரியவில்லை. கல்லடியில் தோண்டித் தோண்டி, நீட்டிய கைகளிலெல்லாம் பிடிமண் வைத்தான்.

வரிசையில் செல்லாயியும் முந்தானையை ஏந்திக்கொண்டு நின்றாள். ராக்காயி கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஓடி மகளின் கையைப் பிடித்தாள்.

"வாங்காதடி! வாயி அழுகுனாலும் அழுகட்டும், சொல்லிடுறேன். இது நோயிடி. உன் தோட்டத்தையும் தின்னுடும்!"

உறுமி நின்றது. எல்லாரும் அவளையே பார்த்தார்கள். செல்லாயி முகம் சுருங்கிப்போயிற்று.

"சாமி உன் தோட்டத்த மட்டும் காக்கணும். நாங்க திரும்ப லயத்துக்கே போகணும். அப்படித்தானே ஆத்தா?"

கையை உதறிவிட்டு அப்பனிடமிருந்து மண்ணை வாங்கினாள். முந்தானையில் முடிந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு பொடிகூடச் சிந்தாமல், சரிவில் பார்த்துப் பார்த்துக் கால்வைத்து இறங்கினாள்.