ஏரியில் இருந்த வாரம்

இரண்டு பெரிய மரக்கதவுகளுக்கு நடுவே படகு நின்றது. பின்கதவை மூடி, முன்கதவின் அடியில் எதையோ திறந்துவிட்டார்கள். தண்ணீர் குமுறிக்கொண்டு உள்ளே வர, படகு லிஃப்ட் மாதிரி மேலே ஏறியது. வீரம்மாள் குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். பாசி படிந்த கல்சுவர் கீழே போகப் போக, கரையில் மேய்ந்த மாடுகள் கண்ணுக்கு நேராக வந்தன. அயர்லாந்தில் ஆற்றையே மாடி ஏற்றுகிறார்கள் என்று போனில் சொன்னால் ராக்கப்பன் நம்பமாட்டார். மானாமதுரைக்குப் பக்கத்துக் கிராமத்தில் கண்மாய் மடையைத் திறந்து மூடுகிற வேலை அவருக்கு. தண்ணீர் விஷயத்தில் பெண்டாட்டி சொல்லி அவர் எதையும் ஒப்புக்கொண்டதில்லை. ஊருக்குப் பேசும்போது இதை வைத்து அவரை ஒரு கை பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஏறக்குறைய அதே நேரத்தில்தான் ராக்கப்பனை வீட்டிலிருந்து தூக்கினார்கள். விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வீரம்மாளுக்கு அது தெரியாது. படகில் இருந்த மற்ற பெரியவர்கள் நாலு பேருக்கும் தெரியும்.

ரெங்கராஜ் சாருக்கு துபாயில் டைல்ஸ் வியாபாரம், அங்கேயே கராமாவில் வீடு. அந்த வீட்டில்தான் வீரம்மாளுக்கு வேலை. தம்பி டப்ளினில் டாக்டர். ஆகஸ்ட் வெக்கையிலிருந்து தப்பிக்க அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் சேர்ந்து ஏரிப் பக்கம் போய்ப் படகிலேயே தங்குவதாக ஏற்பாடு. சாருடைய இரண்டு வயதுப் பெண் குழந்தை வீரம்மாள் தட்டாமல் தூங்காது. அதனால் அவளுக்கும் விசா எடுத்தார்கள். ஊரில் ஏதாவது என்றால் அவள் வீட்டார் கூப்பிடுவது சாருடைய டிரைவர் சுரேஷ்குமாரைத்தான். அவன் பக்கத்து ஊர்க்காரன். அவன் அன்று காலை சாருக்கு போன் செய்தான். சார் உடனே ராக்கப்பனின் அண்ணனைக் கூப்பிட்டுப் பேசினார். அந்த அண்ணன்தான் சொன்னது: "அவ வந்து மொகம் பாக்க முடியாதுங்க. அந்தக் கண்காணாத தேசத்துல அழுதா யாரு புடிப்பா. துபாய்க்கு வந்தப்பறம் பக்குவமாச் சொல்லி அனுப்புங்க. பதினாறாம் நாளுக்கு வந்தாப் போதும்." இதில் யாரைத்தான் குறை சொல்வது. எல்லோரும் நல்லதைத்தான் நினைத்தார்கள், அவளைக் கேட்காமல்.

அன்று சாயங்காலமே வீரம்மாளுக்கு ராஜ உபசாரம் தொடங்கிவிட்டது. அவள் பாத்திரம் தேய்க்கப் போனால் சாரின் மனைவி சங்கீதா மேடம் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். டாக்டர் மனைவி டீ போட்டு எடுத்துவந்து, "குடிங்கக்கா" என்றாள். 'நீங்க' என்று தன்னை ஒரு படித்த பெண் சொல்லி வீரம்மாள் கேட்டதில்லை. பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். ஆறு வருஷமாக "ஏம்மா" என்று மட்டுமே கூப்பிட்ட சார், படகின் முன்பக்கம் மெத்தை போட்ட இடத்தைக் காட்டி, "வீரம்மா, இங்க உக்காரு, நல்லாத் தெரியும்" என்றார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு, குழந்தையின் தட்டையும் சேர்த்து எப்போதும் வைக்கிற ஐந்தோடு ஆறாவதாக ஒரு தட்டு மேசையில் இருந்தது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை, வெட்கத்தில்.

மூன்றாம் நாள் வெட்கம் போய்விட்டது. முன்பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, நாணல் காட்டையும், குஞ்சுகளோடு போகும் வெள்ளைப் பறவைகளையும், ஏரி நடுவே திட்டுத் திட்டாக நிற்கும் தீவுகளையும் குழந்தைக்குக் காட்டினாள். வெயில் வந்த பத்தாவது நிமிஷம் தூறல் விழுந்தது. இவர்கள் மாறியதற்கு இந்தக் குளிர்ச்சிதான் காரணம் என்று அவளாக ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். துபாயில் சூட்டுக்கு எல்லோருக்கும் தலை காய்ந்துபோகிறது, சிடுசிடுக்கிறார்கள். உள்ளே இருப்பது தங்கமான மனசுதான். ஊருக்கு ஒரு போன் போடலாமா என்று இரண்டு தடவை சாரைக் கேட்டாள். "இந்த ஏரிக்குள்ள சிக்னல் கெடைக்கல வீரம்மா" என்றார் சார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. அவள் நம்பினாள். அவ்வளவு நல்லவர் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்.

அந்த வாரம் ஆடிக் கடைசி வெள்ளி வந்தது. மேடம் படகின் சின்னச் சமையலறையில் ஒரு எவர்சில்வர் மூடியின் மேல் விளக்கேற்றி, சூடம் காட்டினார். குங்குமத்தை டாக்டர் மனைவிக்குக் கொடுத்துவிட்டு, கிண்ணத்தோடு வீரம்மாள் பக்கம் திரும்பியவர் அப்படியே நின்றார். கராமா வீட்டில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கொடுப்பதுதான். கொடுக்காமல் விட்டால் ஏன் என்று கேள்வி வரும். கொடுத்தால், கொடுக்கிற கைக்கே அது என்னவென்று தெரியும். டாக்டர் மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேடம் கிண்ணத்தை நீட்டினார். வீரம்மாள் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் வைத்தாள், இன்னொரு சிட்டிகை எடுத்துத் தாலியில் வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மேடம் சட்டென்று வெளியே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆடி வெள்ளியும் அதுவுமாகப் பிறந்த வீட்டு ஞாபகம் வந்துவிட்டது போல என்று வீரம்மாள் அவருக்காக வருத்தப்பட்டாள்.

துபாய் விமான நிலையத்தில் சுரேஷ்குமார் காத்திருந்தான். எப்போதும் ஏதாவது வம்புக்கு இழுக்கிறவன், அன்று சாருடைய பெட்டிகளை விட்டுவிட்டு முதலில் அவளுடைய பையை வாங்கினான். வண்டியில் பாட்டு போடவில்லை. கராமா வந்து, மேடமும் சாரும் உள்ளறைக்குப் போய்விட்டார்கள். வீரம்மாள் தூங்கி வழிந்த குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் உட்கார்ந்தாள். அவன் எதிரே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"அக்கா, மாமாவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்காம். ராத்திரி ஃப்ளைட்டுக்கு டிக்கெட் போட்டுருக்கு."

வளைகுடாவில் அந்த ஒரு சொல்லுக்கு வேறு அர்த்தம் கிடையாது. நோயாளி பிழைத்துக் கிடந்தால் ஜுரம் என்பார்கள், ஆஸ்பத்திரி என்பார்கள். செத்தால்தான் சீரியஸ். போன வருஷம் மாடியில் வேலை செய்யும் நாகவள்ளிக்கு அவள் அம்மா செத்ததை வீரம்மாளே அப்படித்தான் சொல்லி, பெட்டி கட்டிக் கொடுத்து வழியனுப்பினாள்.

"எப்பத் தம்பி?" என்றாள்.

"அக்கா..."

"எப்ப எடுத்தாங்க?"

அவன் தரையைப் பார்த்தான். "போன சனிக்கிழமை. பொழுது சாயறதுக்கு முன்னாடி."

சனிக்கிழமை என்பது அவளுக்கு முதலில் எதையும் சொல்லவில்லை. பிறகு மாடுகள் கண்ணுக்கு நேராக வந்தது ஞாபகம் வந்தது. அதற்கடுத்து டீ. அதற்கடுத்து ஆறாவது தட்டு. ஒவ்வொன்றாக வந்து நின்றன. புருஷன் போன துக்கம் நெஞ்சுக்குள் இறங்குவதற்கு முன்னாலேயே அவமானம் வந்து வழியை அடைத்தது. அந்த ஒரு வாரம் தன்னை மனுஷியாக மதித்தார்கள் என்று நினைத்திருந்தாள். அவர்கள் துக்கம் கேட்டுக்கொண்டிருந்தார்கள், துக்கக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள்.

மேடம் அறை வாசலில் வந்து நின்றார். அழுதிருந்தார்.

"உங்க வீட்ல சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க வீரம்மா. நீ தாங்கமாட்டேன்னு..."

"குங்குமம் குடுத்தீங்களேம்மா" என்றாள் வீரம்மாள். சத்தம் போடவில்லை.

சுரேஷ்குமார் தன் செல்போனில் ஊர் நம்பரைப் போட்டு அவள் கையில் கொடுத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மகள் உமாராணி எடுத்தாள். பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை. ஒரு வாரத்தில் குரல் தடித்துப்போயிருந்தது.

"சாயந்தரம் வரைக்கும் ஒனக்காகப் போட்டு வச்சிருந்தோம்மா. பெரியப்பாதான் நீ வரமாட்டனு எடுக்கச் சொல்லிட்டாரு."

"ம்."

"நான் கொள்ளிக்குடத்துக்குப் பின்னாடியே தெரு முனை வரைக்கும் போனேன். அதுக்கு மேல விடல." அழுகையை விழுங்கிக்கொண்டு கேட்டாள். "ஒரு போன் கூடவாம்மா போட முடியல? லீவு குடுக்கலையா ஒனக்கு?"

வீரம்மாள் நிமிர்ந்து மேடத்தைப் பார்த்தாள். போனில் பிள்ளையின் குரல் அந்தச் சமையலறை முழுக்கக் கேட்டது. தனக்கு யாரும் சொல்லவில்லை என்று சொல்லிவிடலாம். அப்படியென்றால் அந்த வாரம் நீ எங்கே இருந்தாய் என்று அடுத்த கேள்வி வரும். ஏரியில் இருந்தேன் என்று அவள் எந்த வாயால் சொல்வாள்.

"இல்ல தாயி" என்றாள். "குடுக்கல."

மேடம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். மறுமுனையில் உமாராணி உடைந்து அழ ஆரம்பித்தாள். அந்தச் சத்தத்தில் மடியில் இருந்த குழந்தை சிணுங்கிப் புரண்டது. வீரம்மாள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மகள் அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய இன்னொரு கை, அவள் சொல்லாமலே, குழந்தையின் முதுகை மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது.