அகராதிக்கு மட்டும் அடங்கிய கணினி

செப்டம்பர் மாதம் பதினெட்டாம் தேதி, வியாழக்கிழமை. காலையிலிருந்தே வானம் மூட்டமாக இருந்தது. மழை இதோ வருகிறேன் என்று போக்குக் காட்டிற்றேயன்றி வந்தபாடில்லை.

அன்று பகல், ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக் ஒருவரின் வீட்டில், அவருடைய மனைவியின் கணினி ‘ல’ என்னும் எழுத்தைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்ளத் தொடங்கியது.

மனைவி ஒரு வார இதழுக்குக் குறுக்கெழுத்துப் புதிர் அமைப்பவள். ஆங்கில விசைகளைத் தட்டித் தமிழை வரவழைப்பது அவள் வழக்கம். ‘ல’ வேண்டி எல் விசையைத் தொட்டவுடன் திரை பூட்டிக்கொண்டு கடவுச்சொல் கேட்டது. ‘ட’ வேண்டி டி விசையைத் தொட்டால், திரையில் திறந்திருந்த ஜன்னல்கள் அனைத்தும் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்தன.

“என்னங்க, உங்க லினக்ஸ் என்னை வெளியே போன்னு சொல்லுது,” என்று அவள் கூப்பிட்டாள்.

மெக்கானிக் உள்ளுக்குள் மகிழ்ந்தார் என்பதை மறைப்பதற்கில்லை. அந்தக் கணினியில் விண்டோஸை நீக்கிவிட்டு, லினக்ஸ் என்னும் இலவச இயக்குதளத்தை நிறுவியவர் அவரே. ஓய்வு பெற்ற பின் பழுதுபார்க்க ஏதுமின்றிக் கைகள் அரித்துக்கொண்டிருந்த காலத்தில் அதுவே அவருக்குப் பிடிமானமாக இருந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து அமர்ந்து கடவுச்சொல்லைத் தட்டினார். பெட்டியில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

“தள்ளுங்க மாமா. இலவசமா குடுத்தா விஷத்தையும் இன்ஸ்டால் பண்ணுவீங்க,” என்றான் மச்சினன். அவன் கணினி விற்கும் கடையில் வேலை பார்ப்பவன். அன்று விடுமுறையாதலால் அக்காள் வீட்டு நாற்காலியில் பிஸ்கட் டப்பாவோடு குடியேறியிருந்தான்.

“நீ பிஸ்கட்டைப் பாரு மாப்ளே. அதுக்குத்தான் உனக்குப் பயிற்சி இருக்கு.”

அப்பொழுது தொலைபேசி ஒலித்தது. இதழின் உதவி ஆசிரியர் பேசினார்.

“மேடம், நாலு மணிக்குப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பிருவோம். புதிர் வரலைன்னா கவலைப்படாதீங்க. ஜோசியர் ராசிபலனை ரெண்டு பத்தி நீட்டித் தரேன்னு காலையில இருந்து இங்கேயே உக்காந்திருக்கார்.”

மனைவியின் முகம் சுருங்கிற்று. அந்த ஜோசியர் சென்ற ஆண்டு சமையல் பகுதியை இப்படித்தான் ஒரு வாரத்திற்கு இரவல் வாங்கினார். அந்தப் பகுதி இன்றுவரை திரும்பவில்லை. புதிரின் இடமும் ஒருமுறை கைமாறினால் போனது போனதுதான்.

“இப்ப அனுப்பிருவேன் சார்,” என்று வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். “கேட்டீங்களா? நாலு மணி.”

“கால் மணி நேரத்துல முடிச்சிருவேன்,” என்றார் மெக்கானிக்.

அவர் வைத்தியம் பார்க்கும் நேரத்தை வீணாக்க விரும்பாத மனைவி, மேசையின் இழுப்பறையைத் திறந்து தடித்த அகராதியை எடுத்தாள். ஐயம் வந்தால் மட்டுமே அதை எடுப்பாள். ஐயம் தீர்ந்தவுடன் உள்ளே வைத்து மூடிவிடுவாள். அகராதி கண்ணில் பட்டால் மூளை சோம்பிவிடும் என்பது அவள் கொள்கை.

மெக்கானிக் மறுபடியும் கடவுச்சொல்லைத் தட்டினார். இம்முறை கணினி பசுவைப் போல வழிவிட்டது.

“பாத்தியா?” என்றார் மச்சினனை நோக்கி.

“என்ன பண்ணீங்க?”

“அழுத்தமா தட்டினேன்.”

அத்துடன் நில்லாமல் அமைப்புகளுக்குள் புகுந்தார். ஒரு விசையை அழுத்திவிட்டால் அது அழுந்தியபடியே நிற்கும் வசதி ஒன்று உண்டு. அதுதான் குற்றவாளி என்று கூறி, அது அணைந்தேயிருந்த போதிலும், ஒருமுறை ஏற்றி மீண்டும் அணைத்தார். சோதித்துப் பார்த்தபோது ‘ல’ வந்தது, ‘ட’வும் வந்தது. மனைவி அகராதியை உள்ளே வைத்து, இழுப்பறையை மூடி, நாற்காலியில் அமர்ந்து, ‘பல்லக்கு’ என்று தட்டத் தொடங்கினாள். திரை பூட்டிக்கொண்டது.

“பல்லக்குல ஏறாதாம் அக்கா. நடந்தே போகுமாம்,” என்றான் தம்பி.

“வாயில பிஸ்கட் இருக்கும்போது பேசாதடா.”

மெக்கானிக் அடுத்த வைத்தியத்தில் இறங்கினார். மனைவி அகராதியை எடுத்தாள். குறுக்குவிசைகள் அனைத்தையும் பழைய நிலைக்குத் திருப்பினார், எல்லாம் இயங்கின. அகராதி உள்ளே போயிற்று, எல்லாம் கெட்டன. மனைவி அகராதியைப் புரட்டிக்கொண்டிருக்கையில் கணினியை அணைத்து ஏற்றினார், இயங்கிற்று. அகராதி உள்ளே போயிற்று, கெட்டது. ஒவ்வொரு முறையும் அவர் எழுந்து நின்று, “முடிஞ்சுது,” என்று கைகளைத் தட்டிக்கொண்டதே பார்க்கப் பரிதாபமாக இருந்தது.

மணி மூன்றரையைத் தாண்டியது. மெக்கானிக் தம் கடைசி ஆயுதத்தை எடுத்தார். எந்த விசை அழுத்தப்படுகிறது, எது விடுவிக்கப்படுகிறது என்று வரி வரியாக எழுதிக் காட்டும் ஒரு சிறு ஜன்னலைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். மனைவி அகராதியை உள்ளே வைத்து இழுப்பறையை மூடினாள். ‘சூப்பர் விசை அழுத்தப்பட்டது’ என்றொரு வரி தோன்றியது.

கண்ட்ரோலுக்கும் ஆல்ட்டுக்கும் நடுவே இருப்பது அவ்விசை. அதைப் பிடித்துக்கொண்டு எல் தட்டினால் திரை பூட்டிக்கொள்ளும். டி தட்டினால் ஜன்னல்கள் மறையும். நோய் விளங்கிவிட்டது. ஆனால் அவ்விசையின் மீது ஒருவர் விரலும் இல்லை.

“சிக்கியிருக்கு,” என்று சொல்லி, திருப்புளியால் விசையின் மூடியையே நெம்பி எடுத்தார். விடுவிக்கப்பட்டதாக வரி வரவில்லை. கீபோர்டின் வயரையே உருவினார். அப்பொழுதும் வரவில்லை.

“கீபோர்டே இல்ல, ஆனா விசை அழுந்தியிருக்கு,” என்றார் மெல்லிய குரலில்.

மச்சினன் பிஸ்கட்டைக் கீழே வைத்தான். “ஜோசியர் ஏதும் பண்ணியிருப்பாரோ?”

“நான் ஒண்ணு சொல்லட்டுமா?” என்றாள் மனைவி. “அகராதியை வெளிய எடுத்தா நல்லாயிருக்கு. உள்ள வெச்சா கெட்டுப்போகுது. ரொம்ப நேரமா பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.”

“அதை ஏன் முன்னாடியே சொல்லல?”

“நீங்க ஒவ்வொரு தடவையும் சரி பண்ணிட்டேன்னு நெஞ்சை நிமித்துனீங்க. அழகா இருந்துச்சு. எதுக்குக் கெடுப்பானேன்னு விட்டேன்.”

மெக்கானிக் மூடியிருந்த இழுப்பறையைப் பார்த்தார். அவர் தொழிலில் இத்தகைய பழுதை அறிவார். ஆளில்லாத மாடியில் ஒரு பொத்தான் சிக்கிக்கொண்டால், லிஃப்ட் அங்கேயே போய்க் கதவைத் திறந்து நிற்கும். கீழே இருப்பவர்கள் தங்கள் பொத்தானைக் குத்திக் குத்தித் திட்டிக்கொண்டிருப்பார்கள். அவர் மெதுவாக இழுப்பறையைத் திறந்தார். அகராதியின் அடியில் துண்டு சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது.

“அது உங்க துடைக்கிற துணிதானே?” என்றாள் மனைவி.

துணிக்குள் இருந்தது பழைய வயரில்லாக் கீபோர்டு. ஞாயிற்றுக்கிழமை புதியதை மாட்டியபோது, அதைத் துண்டில் பொதிந்து உள்ளே வைத்தவர் அவரே. மாற்று ஒன்று எப்போதும் இணைப்பிலேயே இருக்க வேண்டும் என்பது லிஃப்ட்காரர்களின் வழக்கம். ஆதலால் அதன் பேட்டரியையும் அவர் கழற்றவில்லை. கணினியின் முதுகில் செருகியிருந்த, அதன் சமிக்ஞையை வாங்கும் ரிசீவரையும் எடுக்கவில்லை. இந்த வாரத்தில் முதல்முறையாக இன்று காலைதான் மனைவி அகராதியை எடுத்து வைத்திருந்தாள். அது முதல் அகராதி உள்ளே போகும்போதெல்லாம், அதன் தடித்த முதுகு சூப்பர் விசையின் மேல் சம்மணமிட்டு அமர்ந்திருந்தது.

“மாமா,” என்றான் மச்சினன், மிகுந்த பணிவுடன். “பிஸ்கட் சாப்பிடுங்க.”

அவர் பேட்டரியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். புதிய கீபோர்டின் வயரைச் செருகினார். சூப்பர் விசையின் மூடி மட்டும் மேசைக்கடியில் எங்கோ உருண்டிருந்தது. தேட அவகாசம் இல்லை. மனைவியின் விரல்கள் பறந்தன. பல்லக்கு வந்தது, கடலை வந்தது, பல்கலைக்கழகம் தங்குதடையின்றி வந்தது. கடைசியாக ஒரு குறிப்பு மட்டும் எஞ்சியது. நான்கு கட்டங்கள்; விடை, கணவர். ‘மனைவியின் துணை’ என்று முன்னரே எழுதியிருந்தாள். அதை ஒரு கணம் பார்த்தாள்; அழித்தாள்; வேறொன்று தட்டினாள்.

மெக்கானிக் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தார். திரையில் இருந்தது: ‘தாமே கெடுத்ததைத் தாமே சரிசெய்து, பாராட்டுக்குக் காத்து நிற்பவர்.’

“இதை ஊரே படிக்குமே,” என்றார்.

“படிக்கட்டும். எல்லா வீட்டுலயும் உடனே கண்டுபிடிச்சிருவாங்க.”

அவள் அனுப்பும் பொத்தானைச் சொடுக்கினாள். புதிர் போய்ச் சேர்ந்துவிட்டதாக உதவி ஆசிரியரிடமிருந்து பதில் வந்தபோது, மாலை மூன்று மணி ஐம்பத்தெட்டு நிமிடம்.