கால் கழுவிய தண்ணீர்

முத்துத்தாய் புறவாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சுவரடியில் அழுக்குத் தண்ணீர் போகிற வாறுகால் துவாரத்துக்குள் கம்பியை விட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். ஒரு முழம் போனதும் கம்பி முட்டியது. கல்லில் முட்டுகிற மாதிரி இல்லை. மெத்தென்று எதிலோ புதைந்து நின்றது. குளிக்கிற கல்லைச் சுற்றிக் கரண்டைக்கால் அளவுக்குத் தண்ணீர் கறுத்துக் கிடந்தது.

வீட்டு முன்கூடமான பட்டாசலில் அவளுடைய மாமனார் ஆறுமுகச்சாமி கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார். விடியக்காலம் காப்பி கொண்டுபோனபோதுதான் அவர் போய்விட்டது தெரிந்தது. மூன்று மணிக்கு நீர்மாலை. ஆண்கள் மேளத்தோடு போய்க் குடங்களில் தண்ணீர் எடுத்துவந்ததும் அவரைக் குளிப்பாட்ட வேண்டும். முன்பக்கம் பந்தலும் நாற்காலிகளுமாகத் தெருவே அடைந்துவிட்டது. இருக்கிற இடம் இந்தப் புறவாசல்தான். இந்தச் சாக்கடைத் தண்ணீருக்கு நடுவில் வைத்தா அவருக்குக் கடைசிக் குளிப்பு? கம்பியை இன்னொரு தரம் உள்ளே தள்ளினாள்.

புருஷன் பெத்துராஜ் வந்து எட்டிப் பார்த்தான். யாருக்காவது போன் போட்டு வரச் சொல்லட்டுமா என்று கேட்டான்.

"வேண்டாம். நம்ம அழுக்குக்குள்ள இன்னொருத்தர் கைய விடச் சொல்லக் கூடாதுன்னு மாமா சொல்லுவாவல்லா. நானே எடுத்துருதேன்."

அவன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.

பன்னிரண்டு மணி பஸ்ஸில் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வந்த நாத்தனார் சுப்புத்தாய், அழுது ஓய்ந்து முகம் கழுவப் புறவாசலுக்கு வந்தாள். தேங்கிய தண்ணீரையும் முத்துத்தாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்க அப்பா நடமாட்டமா இருக்கையில இப்படி ஒருநா கெடந்திருக்கா? அவிய படுத்தாலும் படுத்தாவ, வீடே படுத்துட்டு."

முத்துத்தாய் நிமிரவில்லை. காலையிலிருந்து அவள் ஒரு பொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பதையும் சுப்புத்தாய் பட்டாசலில் யாரிடமோ சொல்லியிருந்தாள். அது இவள் காதிலும் விழுந்திருந்தது. அழுவதற்குக் கூடத் தெம்பு வேண்டும்போல.

அடுத்த வீட்டு மைமூனம்மாள் ஒரு கையில் வெந்நீர்ச் சட்டியும் மறு கையில் டீத் தம்ளருமாக வந்தாள். வெந்நீரைத் துவாரத்தில் மெதுவாக ஊற்றினாள். அதுவும் போகாமல் மேலே எதுக்களித்து வந்தது.

"போகலன்னா விடு புள்ள. எங்க பொறவாசல்ல வச்சுக் குளிப்பாட்டுங்க. அண்ணாச்சி என்ன வேத்தாளா?"

முத்துத்தாயின் இரண்டு கையிலும் சகதி. மைமூனம்மாள் பக்கத்தில் குனிந்து, தம்ளரை அவள் வாயில் வைத்து, ஒவ்வொரு வாயாக டீயைப் புகட்டினாள். அன்றைக்கு அவள் வயிற்றுக்குள் போன முதல் வாய் அது.

நேற்று மத்தியானமும் இந்தத் தண்ணீர் இப்படித்தான் நின்றது. தறிக்கூடத்தில் துண்டு மடித்துப் போட்டுவிட்டு, அவள் இடுப்பு ஒடிய வந்த நேரம். மாமனார் ஈரக் கைலியோடு கல்லில் உட்கார்ந்திருந்தார்.

"ஒங்களுக்கு அள்ளிக் கொட்டியே என் கை அழுகிப்போச்சு மாமா. இதுக்குள்ள துணியத் திணிச்சு வச்சா நான் எங்க போயி சாவேன்?"

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தையின் சூடு அவளுக்கே தெரிந்தது. அவர் துவாரத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா தாயி. நாந்தான் போட்டேன். கிழிஞ்ச துண்டு ஒண்ணு."

ராத்திரி அரை இட்லிக்கு மேல் அவருக்கு இறங்கவில்லை. காலையில் சமாதானமாகப் பேசிக்கொள்ளலாம் என்று அவள் படுத்துவிட்டாள்.

கம்பியைத் தூர வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முத்துத்தாய் கையை முழங்கை வரைக்கும் துவாரத்துக்குள் விட்டாள். துணி விரலில் மாட்டும் என்று துழாவினாள். துணி இல்லை. வழவழவென்று எதுவோ. ஒரு பிடி பிடுங்கி வெளியே எடுத்தாள். களிமாதிரி இருந்தது. மேலே கறுப்பு. விரலால் வழித்தபோது உள்ளே பழுத்த செம்மண் நிறம். ஒரு பரல் இல்லை, ஒரு மணல் இல்லை. சலித்து எடுத்தது மாதிரி அத்தனை நைசு.

அவளுக்கு அது தெரிந்த மண். திங்கட்கிழமைதோறும் கோமதியம்மன் சந்நிதியிலிருந்து காகிதத்தில் மடித்து எடுத்துவந்த புற்றுமண். எட்டு மாதமாக அவர் காலில் கரப்பான் படர்ந்து தண்ணீர் வடிந்தபோது, அதைக் குழைத்து முழங்காலிலிருந்து பாதம்வரை அவள்தான் ராத்திரிதோறும் பூசிவிட்டாள். காலையில் இந்தக் கல்லில் வைத்துக் கழுவியும் விட்டாள்.

ஆரம்பத்தில் ஒருநாள் அவர் சொன்னார், கால் கழுவுகிற தண்ணீரைச் செம்பருத்திச் செடி மூட்டில் விட்டால் நல்லது, சாமி மண் ஆச்சே என்று. செம்பருத்தி நின்றது புறவாசலின் அந்தக் கோடியில். அவரைக் கைத்தாங்கலாக அதுவரைக்கும் நடத்திப் போய்த் திரும்பக் கூட்டிவர ஒரு கால்மணி நேரம் ஆகும். எட்டரைக்கு அவள் தறிக்கூடத்தில் நிற்க வேண்டும். இங்கேயே இருக்கட்டும் மாமா என்றாள். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

முத்துத்தாய் இன்னும் ஒரு பிடி எடுத்தாள். இன்னும் ஒரு பிடி. ஒரு நூல்கூட வரவில்லை. தலையைத் தூக்கிக் கொடியைப் பார்த்தாள். அவருக்கு இருந்தது இரண்டே துண்டு. நீலக்கரை ஒன்று, பச்சைக்கரை ஒன்று. இரண்டும் முழுசாகக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன.

அவள் கை அப்படியே நின்றது.

"என்ன புள்ள, மயக்கமா வருதா?" என்றாள் மைமூனம்மாள்.

"இல்லக்கா."

எடுத்த மண்ணை அவள் சாக்கடையோரம் எறியவில்லை. பழைய வாளி ஒன்றில் சேர்த்தாள். முக்கால் வாளி வந்தபோது உள்ளே களக்கென்று ஒரு சத்தம் கேட்டது. தேங்கிய தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. மைமூனம்மாள் விளக்குமாற்றை எடுத்துக் கல்லைத் தேய்த்துக் கழுவிவிட்டாள். முத்துத்தாய் வாளியைத் தூக்கிப்போய்ச் செம்பருத்தி மூட்டில் குழிபறித்துக் கொட்டி மூடினாள். பிறகு சோப்புப் போட்டு மூன்று தரம் கையைக் கழுவினாள்.

மேளச் சத்தம் தெருமுனையில் திரும்பியது. குடங்கள் வந்தன. பெத்துராஜும் இன்னும் இரண்டு பேருமாக அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிவந்து, கழுவிவிட்ட கல்லுக்குப் பக்கத்தில் இறக்கப் போனார்கள்.

"அங்கன வேண்டாம்," என்றாள் முத்துத்தாய். "செம்பருத்திப் பக்கம் கொண்டுபோங்க."

சுப்புத்தாய் கையிலிருந்த சீயக்காய்க் கிண்ணத்தோடு திரும்பினாள். "ஏட்டி, காலையில இருந்து கெடந்து தோண்டுனது எதுக்கு? செடி மூட்டுல வச்சுக் குளிப்பாட்டுததுக்கா?"

பெத்துராஜ் முத்துத்தாயின் முகத்தைப் பார்த்தான். பிறகு நாற்காலியைத் தூக்கச் சொன்னான். பத்துப் பதினைந்து எட்டுத்தான் இருந்தது. கால்மணி நேரம் ஆகவில்லை.

ஒவ்வொருவராக எண்ணெய் தொட்டு வைத்தார்கள், சீயக்காய் வைத்தார்கள், தண்ணீர் விட்டார்கள். கடைசிக் குடத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. முத்துத்தாய் அதை வாங்கிக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். அவருடைய பாதங்களை எடுத்துத் தன் மடியில் வைத்து, விரலிடுக்குகளில் தேய்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டாள். நேரமாகிறது என்று யாரோ சொன்னார்கள். அவள் அவசரப்படவில்லை.

தண்ணீர் செம்பருத்தி மூட்டில் கட்டி நின்றது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது.