அணைத்த வீட்டில் சுற்றிய மீட்டர்

லோர்னா ஹெய்க் சண்டைக்காரி அல்ல. இருபத்திரண்டு வருடமாக இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் பஸ் ஓட்டுகிறாள். சத்தம் போட்டுக்கொண்டு ஏறுகிறவர்களைக்கூட, "உட்காரு கண்ணு, இறங்குறதுக்குள்ள கோபம் ஆறிடும்" என்று சொல்லியே அடக்கிவிடுவாள். அப்படிப்பட்டவளை இரண்டு மின்சாரக் கம்பெனிகள் சேர்ந்து ஆறு வாரத்தில் வேறு ஆளாக்கிவிட்டன.

2012ஆம் வருடம் அது. ஏப்ரலில் பிடித்த மழை இலையுதிர்காலம் வந்தும் விட்டபாடில்லை. அக்டோபரில் லோர்னா பழைய கம்பெனியை விட்டுப் புதிய கம்பெனிக்கு மாறினாள். மாறுகிற நாளன்று மீட்டர் என்ன காட்டுகிறது என்று சொல்ல வேண்டும். அவள் நிலவறைக்கு இறங்கி, டார்ச் அடித்துப் படம் எடுத்து, இரண்டு பேருக்கும் அனுப்பிவைத்தாள். 56,410.

பழைய கம்பெனி அதை அப்படியே எடுத்துக்கொண்டு கடைசி பில்லைப் போட்டது. புதிய கம்பெனியின் கம்ப்யூட்டர் நம்பவில்லை. ஏப்ரல் மாத அளவிலிருந்து தானே ஒரு மதிப்புப் போட்டு, 53,800இல் தொடங்கியது. நடுவில் கிடந்த 2,610 யூனிட்டுக்கு இரண்டு பக்கமும் பில் வந்தது.

போன் செய்தால் பழையவர்கள் புதியவர்களைக் கேட்கச் சொன்னார்கள். புதியவர்கள் பழையவர்களைக் கேட்கச் சொன்னார்கள். ஐந்தாவது தடவை புதிய கம்பெனியில் பேசிய பெண் கொஞ்சம் மனசுவிட்டுப் பேசினாள்.

"மேடம், உங்க வீட்டுல எத்தனை பேர்?"

"நானும் என் வீட்டுக்காரரும். ஏன்?"

"ரெண்டு பேர் ஆறு மாசத்துல இவ்வளவு எரிக்க முடியாது மேடம். நீங்க சொல்ற அளவு ஒரு சின்ன லாண்டரிக்கு ஆகும்."

"லாண்டரியா! எங்க வீட்டுக்காரர் சட்டைய வாரம் ஒருதடவ மாத்த வைக்கிறதுக்கே நான் படாதபாடு படுறேன்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். பிறகு, "ஒண்ணு பண்ணுங்க. வீட்டுல மெயின் சுவிட்சை அணைச்சிட்டு மீட்டரைப் பாருங்க. உள்ள ஒரு வட்டத் தகடு சுத்தும். அது நின்னுட்டா மீட்டர் சரி. நிக்கலேன்னா எங்க ஆளை அனுப்புறோம்" என்றாள்.

அன்றைக்கே லோர்னா மெயின் சுவிட்சை அணைத்தாள். மேலே ஃபிரிட்ஜ் ஒருமுறை உதறி அடங்கியது. கணவன் கிளைவ் பார்த்துக்கொண்டிருந்த ரக்பி ஆட்டம் பாதியில் போனது.

"லோர்னா! இன்னும் அஞ்சு நிமிஷந்தான் இருக்கு!"

"வாயை மூடிட்டு இங்க இறங்கி வா."

கிளைவ் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்து அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். மீட்டரின் கண்ணாடிக்குப் பின்னால் தகடு சுற்றிக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தில் இருந்த சிவப்புக் கோடு வந்தது, போனது, மறுபடி வந்தது. வீட்டில் எரிகிற விளக்கு ஒன்றுகூட இல்லை. அவசரமும் இல்லாமல், தயக்கமும் இல்லாமல், அது தன்பாட்டுக்குச் சுற்றியது.

கிளைவ் பேச்சுக்குத் தடுமாறுகிறவன் அல்ல. கசாப்புக் கடையில் வேலை, நாளெல்லாம் வாய் ஓயாது. அவனே இப்போது குரலைத் தாழ்த்தி, "யாரோ நம்ம வீட்டுக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கு" என்றான்.

பக்கத்து வீட்டு நஸ்ரீன் மிர்சா நூலகத்தில் வேலை பார்க்கிறவள். அவர்கள் குடியிருந்த டேன்யார்ட் வரிசையின் பதினோரு வீடும் ஒரே சுவரோடு ஒட்டியவை, அதனால் கம்பி மாறி இணைந்திருக்கலாம் என்று லோர்னா அவள் கதவைத் தட்டினாள்.

"நான் கரண்ட் திருடுறேன்னு சொல்லவா வந்தீங்க?" என்று நஸ்ரீன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஆமா. உன் மெயினை அணை, கைதி மாதிரி கூடவே வா."

நஸ்ரீன் தன் வீட்டை அணைத்துவிட்டுச் செருப்போடு ஓடிவந்தாள். மூன்று பேரும் மீட்டர் முன்னால் நின்றார்கள். தகடு வேகம் மாறாமல் சுற்றியது. மறுபக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு அணைக்கச் சொல்லிப் பார்த்தார்கள். அப்போதும் நிற்கவில்லை.

நவம்பர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை மீட்டர் சோதிக்கிறவர் வந்தார். டெல்ராய் பின்னாக் என்று பெயர். பக்கத்து ஊரான ஹடர்ஸ்ஃபீல்ட்காரர், அறுபதை நெருங்கியவர், வாசலிலேயே ஷூவைத் துடைத்துவிட்டு வரும் நிதானமான மனிதர்.

"முப்பத்தஞ்சு வருஷமா இதே வேலை மேடம். மீட்டர் பொய் சொல்லி நான் பார்த்தது நாலே நாலு தடவை. மனுஷங்க சொன்னதைக் கணக்கு வெச்சுக்கல."

"நான் எந்தப் பக்கம்னு இன்னிக்கே சொல்லிடுங்க கண்ணு."

சோதனைப் பெட்டியை இணைக்க, தெருவிலிருந்து வரும் பெரிய ஃபியூஸைக் கழற்ற வேண்டியிருந்தது. அவர் முத்திரையை உடைத்து அதை உருவினார். அப்போதுதான், எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு, அந்தத் தகடு நின்றது. லோர்னாவுக்கு ஏனோ அது நிம்மதியாக இல்லை. மீட்டர் மாட்டிய பலகை பழையது, கம்பிகள் இற்றவை. அரை மணி நேர வேலை ஒன்றரை மணி நேரமாக இழுத்தது. கிளைவ் காஸ் அடுப்பில் தேநீர் போட்டு, இஞ்சிக் கேக்கோடு கீழே கொண்டுவந்தான். அன்று வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

டெல்ராய் கோப்பையை வாங்கக் கை நீட்டியவர், தன் காலைப் பார்த்தார்.

"உங்க நிலவறையில தண்ணி வர்றது வழக்கமா?"

"ஒன்பது வருஷமா ஒரு சொட்டு பார்த்ததில்ல" என்றாள் லோர்னா.

தரையின் கல்பலகைகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு கோடு மினுங்கியது. பிறகு இன்னொன்று. ஒவ்வொரு இடுக்கும் ஈரமாகி, நிறைந்து, வழிந்தது. சத்தமே இல்லை. தரை தானாகவே தண்ணீராக மாறுவதுபோல் இருந்தது. அதே நேரத்தில் மேலே வாசல் கதவு படபடவென்று அதிர்ந்தது.

"லோர்னா! எங்க நிலவறையில தண்ணி! கணுக்கால் வரைக்கும் வந்துடுச்சு!" நஸ்ரீன் படியிலேயே நின்று கத்தினாள். "ஏழாம் நம்பர்லயும் வருதாம்!"

டெல்ராய் ஒரு கணம் கையிலிருந்த ஃபியூஸையே பார்த்தார்.

"எல்லாரும் படிக்கு மேல ஏறுங்க" என்றார். "நான் எதையோ நிறுத்திட்டேன்."

சோதனைப் பெட்டியை அவிழ்த்து, ஒரு முக்காலிமேல் ஏறி நின்றபடி பழைய கம்பிகளைத் திரும்பப் பூட்டி, ஃபியூஸைச் செருகினார். தகடு நகர்ந்தது. அப்போது அவர்கள் கேட்டார்கள். வழக்கமாக மேலே ஃபிரிட்ஜும் டிவியும் தெருவும் எழுப்புகிற சத்தத்தில் அது காதில் விழுந்ததே இல்லை. மெயினை அணைத்துப் பார்த்த அன்று கவனமெல்லாம் தகட்டில் இருந்தது. இப்போது மெயின் அணைந்த வீட்டில், எல்லாரும் காலடித் தண்ணீரையே கவனித்துக்கொண்டிருந்ததால் கேட்டது. காலுக்குக் கீழே, ஆழத்தில், கனமான ஒரு முனகல். ஏதோ பெரிய உயிர் தூக்கத்தில் மூச்சுவிடுவதைப்போல.

பத்து நிமிடத்தில் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. கல் இடுக்குகள் அதை ஒவ்வொரு வாயாகக் குடித்தன.

"யேசுவே" என்றார் டெல்ராய். அவர் அதை வெறும் வாய்வழக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே கூப்பிட்டார்.

பிறகு பலகையின் பின்புறத்தைத் தடவிப் பார்த்தார். மீட்டருக்கும் மெயின் சுவிட்சுக்கும் நடுவிலிருந்து ஒரு தடித்த கேபிள் பிரிந்து, இரும்புக் குழாய்க்குள் நுழைந்து, சுவர்மூலையில் பழைய கரிப்பெட்டிக்குப் பின்னால் மறைந்தது. கிளைவும் அவரும் பெட்டியை நகர்த்தினார்கள். அடியில், வளையம் பதித்த ஒரு கல். கடப்பாரை போட்டு இருவரும் முக்கித் தூக்கியபோது குளிர்ந்த காற்று ஒன்று மேலே வந்து லோர்னாவின் முகத்தில் அடித்தது. ஆற்றின் வாசனை.

டெல்ராய் குப்புறப் படுத்து டார்ச்சைக் கீழே காட்டினார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

"என்னங்க இருக்கு?" என்று கிளைவ் கேட்டான்.

"நீங்களே பாருங்க" என்று சொல்லி அவர் நகர்ந்து இடம்விட்டார்.

லோர்னா தரையில் படுத்து எட்டிப் பார்த்தாள். கீழே ஒரு தேவாலயத்தின் உட்புறம் போன்ற இடம். இரண்டு ஆள் உயரத்துக்குச் செதுக்கிய கல்லாலான வளைவு, டார்ச் வெளிச்சம் எட்டுகிறவரை இரண்டு பக்கமும் போய்க்கொண்டே இருந்தது. ஒரு கல்கூட வரிசை தப்பியிருக்கவில்லை. அதன் நடுவே, கறுப்பாக, அகலமாக, ஒரு முழு ஓடை பாய்ந்துகொண்டிருந்தது. நூற்றைம்பது வருடத்துக்கு முன்பு யாரோ கைகளால் மூடிவிட்ட ஓடை. அவள் தினமும் அதன்மேல் நின்று துணி மடித்திருக்கிறாள், டிவி பார்த்திருக்கிறாள், தூங்கியிருக்கிறாள்.

ஓடைக்கு இந்தப் பக்கம், வீடுகளின் அடியில் ஊறிவரும் நீரெல்லாம் வந்து சேர ஒரு கல்குழி. அதற்குள் ஒரு பம்ப் இருந்தது. பச்சை வண்ணம் பூசியது, கன்றுக்குட்டி அளவு. குழியில் ஊறும் தண்ணீரை அள்ளி அள்ளிச் சுவருக்கு மேலாக ஓடைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துச் சுவரில் வெள்ளை வண்ணத்தில் எழுதியிருந்ததை டெல்ராய் டார்ச்சால் காட்ட, நஸ்ரீன் உரக்கப் படித்தாள்.

"'இதை நிறுத்தாதீர்கள். பதினோரு வீடு இதை நம்பி இருக்கிறது. ஈ. பாராக்ளஃப், 1958.' அதுக்குக் கீழ வரிசையா தேதி இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல 'எண்ணெய் போட்டாச்சு'ன்னு எழுதியிருக்கு."

"கடைசித் தேதி?"

"1971 மார்ச்."

கீழிருந்து முனகல் விடாமல் கேட்டது.

"நாப்பத்தியொரு வருஷம்" என்றார் டெல்ராய் மெதுவாக. "ஒருத்தரும் தொடல. நான் வாங்கின வேன் நாலு வருஷத்துல உசிரை விட்டுது."

"வழக்கமா மழை பெஞ்சா மட்டும் ஓடியிருக்கும்" என்றான் கிளைவ். "இந்த வருஷம் மழை நிக்கவே இல்லையே. இதுவும் நிக்கல." அவன் மறுபடி குனிந்து கீழே பார்த்தான். "நாம இங்க உக்காந்து பில்லுக்காகச் சண்டை போட்டுக்கிட்டு இருந்திருக்கோம்."

அன்று மாலைக்குள் வரிசை முழுக்கச் செய்தி பரவி, ஒவ்வொருவராக வந்து படுத்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கத்திக்கொண்டு வந்தவர்கள்கூட எழுந்திருக்கும்போது மெல்லிய குரலில்தான் பேசினார்கள். ஒன்பதாம் நம்பரில் பிறந்து அங்கேயே எழுபத்தாறு வயதான ஆர்னால்ட், "பாராக்ளஃப் இந்த வீட்டுல இருந்தவரு, சாயப் பட்டறையில மெஷின் பார்த்தவரு. யாரோடயும் அதிகம் பேசமாட்டாரு. நாங்க அவரைக் கொஞ்சம் கேலி பண்ணுவோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

டெல்ராய் மறுபடி ஒருநாள் வந்து, கையோடு ஒரு வாடகை பம்பையும் கொண்டுவந்து ஓடவிட்டு, சோதனையை முறையாக முடித்தார். மீட்டர் துளியும் தவறாமல் சரியாக இருந்தது. அவருடைய அறிக்கையோடு லோர்னாவின் படமும் போன பிறகு, புதிய கம்பெனி 56,410 என்பதே தொடக்க அளவு என்று ஒற்றை வரியில் ஒப்புக்கொண்டது. இரண்டாவது பில் ரத்தானது. அந்தக் கடிதத்தை லோர்னா பிரித்த இடத்திலேயே வைத்துவிட்டு மறந்துபோனாள். பிறகு கிளைவ்தான் எடுத்துப் பத்திரப்படுத்தினான்.

நகராட்சியிலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்தாள். அவளிடம் இருந்த எந்த வரைபடத்திலும் அந்த பம்ப் இல்லை. நகராட்சி தன் செலவிலேயே புதிய பம்பும் தனி மின்இணைப்பும் போடும், பழையது கைவசம் இருக்கட்டும் என்று முடிவானது. வேலை ஆரம்பிப்பதற்கு முன்னால் லோர்னா அவளிடம், "நான் ஒரு தடவை கீழ இறங்கலாமா கண்ணு?" என்று கேட்டாள். இடுப்பில் கயிறு கட்டி இறக்கினார்கள்.

ஏணியின் கடைசிப் படியில் நின்று, அவள் கையுறையைக் கழற்றி பம்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. தொட்ட இடத்தில் அதிர்வு முழங்கை வரை ஏறியது. பக்கத்தில் ஓடை, யாரையும் கண்டுகொள்ளாமல், இருட்டிலிருந்து இருட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மேலிருந்து கிளைவ் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் ஏறினாள்.

"இந்த ஓடை எங்க போகுது?" என்று பொறியாளரிடம் கேட்டாள்.

"ஊருக்கு அடியிலேயேதான். சந்தைக்குக் கீழ, அப்புறம் பஸ் நிலையத்துக்குக் கீழ. அங்கேருந்து வெளிய வந்து பெரிய ஓடையில சேருது."

மறுநாள் காலை முதல் வண்டியை நிலையத்திலிருந்து எடுக்க வேண்டியது அவள்தான். பயணிகள் ஏறி உட்கார்ந்தார்கள். நேரம் ஆயிற்று. லோர்னா எஞ்சினைக் கிளப்பாமல், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

"வண்டி கெட்டுப்போச்சா?" என்று முதல் வரிசையில் இருந்த பெண் கேட்டாள்.

"இல்ல கண்ணு" என்றாள் லோர்னா. "ஒரே ஒரு நிமிஷம். நமக்குக் கீழ ஒரு ஆறு போகுது."

அந்தப் பெண் அவளை ஒருமாதிரிப் பார்த்தாள். பிறகு, காரணம் தெரியாமலே, தன் கால்களை லேசாகத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டாள்.