செபினாவின் இரண்டாம் ஓட்டம்

தேர்வு நாள் காலையில் எங்கள் ஹாக்கி விடுதியின் பின்புறம் ஒரு கிடா கத்தியபோது, செபினா குல்லூவின் முகம் வெளிறியது. அது அவள் முந்தைய நாள் வென்ற கிடா என்பது எனக்கு மட்டுமே தெரியும்.

ஜார்க்கண்டின் சிம்டேகாப் பக்கத்தில் கிடாவைப் பரிசாக வைக்கும் கஸ்ஸி ஹாக்கி ஆட்டத்துக்கு அழைத்தால் யாரும் மறுப்பதில்லை. ஞாயிறு திருப்பலிக்கென்று ஊருக்குப் போனவள், அணியில் ஓர் ஆள் குறைந்ததும் மட்டையைத் தூக்கிவிட்டாள். மூன்று கோல் போட்டவளுக்கே கிடா என்று ஊர் தீர்மானித்து, அதையும் அவளையும் சேர்த்துப் பேருந்தில் ஏற்றிவிட்டது. ஆனால் தேர்வுக்கு முந்தைய மூன்று நாளும் ஆடக் கூடாது என்பது, நாங்கள் தீதி, அதாவது அக்கா, என்று அழைக்கும் கோச் அஞ்செலா டோப்போவின் கட்டளை.

தேர்வில் எட்டுக் கூம்புகளுக்கிடையே பந்தை வளைத்துச் சென்று, பதினேழு நொடிக்குள் கோலில் அடிக்க வேண்டும். தவறினால் விடுதியில் இடமில்லை. பன்னிரண்டு வாரத்துக்கு முன், பயிற்சிக்கு வந்த புதிதில், செபினாவுக்குப் பத்தொன்பது நொடி ஆனது. ஊரின் மேடுபள்ளத் திடலில் ஆடிப் பழகியவள், பந்து எங்கே துள்ளுமோ என்று ஒவ்வொரு தொடுகைக்கும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். காலையில் மேட்டில் ஏறி ஓடியதும் பளு தூக்கியதும் அவள் கால்களுக்கு வலுவேற்றின. மாலை யோகாசனம் இடுப்பைத் தளர்த்தி, குனிந்த நிலையிலும் மூச்சுவிடப் பழக்கியது.

அன்றைய முதல் ஓட்டத்தில் அத்தனையும் காணாமல் போயிற்று. தொடைகள் இறுகிக் கிடந்தன. பதினெட்டு நொடி.

"நேத்து எங்கடி ஆடுன?" என்றார் கோச்.

"இல்ல தீதி, சர்ச்சுக்குத்தான்..."

கிடா மறுபடி கத்தியது.

"அதுவும் பூசைக்கு வந்துச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள்; செபினாவின் கண்கள் நிறைந்தன. "பேர அடிச்சிருவீங்களா தீதி?"

"நானும் கஸ்ஸி ஆடி வளந்தவதான். எல்லாருக்கும் ரெண்டு தடவ, உனக்கும் ரெண்டு தடவ. ஒரு மணி நேரம் இருக்கு. என்ன செய்யணும்னு தெரியும்ல? மார்ட்டா, கூடப் போ."

சுவரோரம் அவள் தொடைகளையும் இடுப்பையும் மெல்ல நீட்டி மடக்க, நான் நேரம் பார்த்தேன். பிறகு கால்களைச் சுவரில் உயர்த்திக் கண்மூடினாள்.

"தூங்கிராதடி, எரும."

"மூச்ச எண்ணிட்டிருக்கேன், கலைக்காத."

இரண்டாம் ஓட்டத்தின்போது நான் கடைசிக் கூம்பருகே நின்றேன். முதல் முறை மட்டையின் சத்தம் மட்டுமே கேட்டிருந்தது. இப்போது ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் மூச்சை வெளியே விடுவது, ஈரத்துணியை உதறுவதுபோல், தெளிவாகக் கேட்டது. கால்கள் இன்னும் கனத்தன; இரு முறை பந்து விலகியது. ஆனால் முகம் இறுகவில்லை. பந்து கோலின் பலகையில் மோதியது.

கோச் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பதினாறு புள்ளி எட்டு."

ஏழெட்டுப் பேர் ஒன்றாகப் பெருமூச்சுவிட்ட சத்தம்தான் முதலில் எழுந்தது. செபினா புல்தரையில் சரிந்து உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாய்க் குலுங்கினாள்.

"எந்திரிடி," என்றார் கோச், பட்டியலில் குறித்தபடியே. "அடுத்தவ ஓட வேணாமா?"

அவளால் எழ முடியவில்லை. நானும் இன்னொருத்தியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவளைக் கோட்டுக்கு வெளியே இழுத்துப் போட்டோம்.